உப்பு கரைந்த பின்

பொன்னி வாசற்படிக்கு வெளியே ஒரு காலை வைத்ததும் மாமனார் காசிலிங்கம் கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்தார்.

"உள்ள போ," என்றார். சத்தம்கூடப் போடவில்லை.

மருமகள் காலை இழுத்துக்கொண்டாள். பாவாடை என்ற அவள் புருஷன் காமாலையில் செத்துப்போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. தாலியறுத்தவள் வருஷம் திரும்பும்வரை உப்பளத்தை மிதித்தால் பாத்தியில் உப்பு விளையாது என்பது அந்தத் தெருவின் சாஸ்திரம். உப்புக்குத் தாலி பார்க்கத் தெரியும் என்று நம்பிய தெரு அது. காசிலிங்கமோ அளத்து மேஸ்திரி. தன் வீட்டிலேயே அதை மீற விடுவாரா?

பிள்ளையைப் பறிகொடுத்த மாமியார் வேலம்மாளுக்கு அந்தத் தடை இல்லை. காரியம் முடிந்த மறுநாளே பலகையைத் தூக்கிக்கொண்டு உப்பு வாரப் போனாள். வெயிலில் மற்றப் பெண்களோடு வாரிக்கொண்டே வாய்விட்டு அழுதாள். வீட்டுக்கு வந்தால் பசித்தது. படுத்தால் தூக்கம் வந்தது. பொன்னிக்கு மூலையும் சுவரும்தான். சோறு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை. பாண்டிச்சேரியில் பார்த்த டாக்டர், உடம்பில் நோயில்லை, பழையபடி வேலைக்கு அனுப்புங்கள் என்றார். காசிலிங்கம் அவர் எழுதிய டானிக்கை மட்டும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

"அங்க போனா பாரம் எறங்குதுன்னு நீதான அத்தே சொன்ன," என்று ஒருநாள் பொன்னி கேட்டாள். "எனக்கும் எறங்க வேணாமா?"

வேலம்மாள் அவள் தலையை வாரிவிட்டாள். வேறென்ன செய்வாள், பாவம்.

சித்திரையில் கோடைமழை கொட்டியது. குவித்து வைத்திருந்த உப்பெல்லாம் தண்ணீராய்ப் போனது. தண்ணீரை வடித்துப் பாத்தியைத் திரும்பவும் மிதித்துக் கெட்டிப்படுத்த ஆள் போதவில்லை. நனைந்த வேட்டியோடு வந்த காசிலிங்கம் நேராக மூலைக்குப் போனார்.

"நீ போவல. ஆனா உன் நெனப்பு பூரா அங்கதான இருந்துது? அதான் கரைஞ்சிபோச்சி."

பொன்னி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"உப்புதான் கரைஞ்சிபோச்சே மாமா. இனிமே நான் வந்தா அங்க என்னா கெடப்போவுது? பாத்தி மிதிக்க ஆள் இல்லன்றீங்க. நான் வர்றேன்."

மேஸ்திரி வெளியே வந்து கதவை இழுத்து நாதாங்கியை மாட்டினார். வேலம்மாள் நாதாங்கிமேல் கை வைத்தாள். புருஷன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். பிறகு, அழுவதற்காக, அளத்துக்கு நடந்தாள்.