நேராகப் பேசுதல்

மருத்துவமனை வார்டில் கட்டிலைச் சுற்றிய திரையை விலக்கிய வாசெமதா அப்படியே நின்றுவிட்டாள்.

கட்டிலில் அப்பிசாய். அவளுடைய பெரியப்பா மகன். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. சர்க்கரை. அவளைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். கண்டாவுத் தீவில் வளர்ந்த அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்வதில்லை. தொடுவதுமில்லை. பெரியப்பா மகனானாலும் அதுதான் அங்கே மரியாதை.

தேர்வாளர் கமினி மதிப்பெண் தாளோடு கால்மாட்டில் நின்றாள். பிசியோ மாணவர்கள் நோயாளியிடம் நேராகப் பேசும் முறைக்கான தேர்வு. வாசெமதா ஏற்கெனவே ஒருமுறை தவறியிருந்தாள். இதிலும் தவறினால் உதவித்தொகை நிற்கும். படிப்பும்.

"சொந்தமா? வேற பேஷன்ட் தரேன், வா."

"அப்போ இவருக்கு யாரு மிஸ் சொல்லித் தருவா?"

வார்டு பிசியோ விடுப்பில். கமினிக்கு மாலைவரை தேர்வு. அப்பிசாய்க்கு மதியம் கப்பல். கட்டுப் போடத் தெரியாமல் ஊருக்குப் போனால் வெட்டிய கால்முனை வீங்கும். செயற்கைக் கால் பொருந்தாது.

வாசெமதா கட்டிலருகே உட்கார்ந்திருந்த அவன் மனைவி மெரெவாயிடம் போனாள்.

"அண்ணி, காலை நீட்டுங்க."

"என் காலா? ஒண்ணு வெட்டினது போதாதா உங்களுக்கு?"

"உங்க காலுக்கு ரம்பம் பத்தாது. நீட்டுங்க."

மெரெவாய் சிரித்தாள். அவள் காலில் வாசெமதா கட்டுத்துணியைச் சாய்வாகச் சுற்றினாள். கீழே இறுக்கம், மேலே தளர்வு. அவிழ்த்து அவளிடமே கொடுத்தாள். கணவனுக்கு அவள் கட்ட, வாசெமதா சன்னலைப் பார்த்து நின்றுகொண்டே சொன்னாள்.

"முட்டிக்கு அடியில தலகாணி வைக்காதீங்க. சுகமாத்தான் இருக்கும். அப்புறம் நீட்ட வராது."

அப்பிசாய் சுவரைப் பார்த்துச் சொன்னான்:

"மெரெ, இல்லாத பாதம் எரியுது. அவகிட்ட கேளு. எனக்குப் புத்தி கெட்டுடுச்சா?"

மெரெவாய் கேட்கவில்லை. "எங்கிட்ட சொல்லவே இல்லியே" என்று அழத் தொடங்கினாள்.

"அண்ணி, கால் போன நிறையப் பேருக்கு எரியும். நெசமான வலிதான். புத்தியெல்லாம் கெடல. போகப்போகக் கொறையும்."

கட்டில் அதிர்ந்தது. அவன் சத்தமில்லாமல் அழுதான். நோயாளி கலங்கும்போது அருகில் சென்றாரா என்று தாளில் ஒரு வரி இருந்தது. அவன் அழுது முடிக்கும்வரை வாசெமதா சன்னலை விட்டு நகரவில்லை.

வெளியே வந்ததும் கமினி பேனாவை எடுத்தாள்.

"அவர் காதுல விழுந்துச்சு. நேராப் பேசினதா போட்டுடறேன்."

"வேணாம் மிஸ். நான் பேசல. அவரும் பேசல."

"படிப்பு போயிடும், வாசெ."

"தெரியும்."

கமினி தாளில் சுழியம் போட்டாள்.

சக்கர நாற்காலி வந்தது. நடைபாதை குறுகல். வாசெமதா சுவரோடு ஒட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பிசாய் மறுபக்கம் பார்த்தபடி கடந்து போனான். கட்டு நன்றாக இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.