பம்பரில் மாட்டிய கம்பி

பக்கத்து வீட்டு ஷரீபா கொண்டுவந்து வைத்த மூட்டையை இந்திராணி அடுப்படியில் உட்கார்ந்து அவிழ்த்தாள். டிஸ்பென்சரியில் அவள் புருஷன் ஜம்புலிங்கத்தின் உடம்பிலிருந்து கழற்றியவை எல்லாம் அதில் இருந்தன. காக்கிச் சட்டை, பெல்ட், ஒற்றைச் செருப்பு. இன்னொரு செருப்பு என்ன ஆனதென்று யாருக்கும் தெரியவில்லை. நீர்மாலைக்குப் போனவர்கள் நாலா ஓடையிலிருந்து குடங்களோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். குளிப்பாட்டுவதற்கு முன்னால் அவனுடைய வெள்ளி அரைஞாண் இருக்கிறதா என்று பார்த்துவரச் சொல்லியிருந்தான் பங்காளி ஜெகநாதன்.

அரைஞாண் சட்டைப் பையில் இருந்தது. சட்டையைத் தூக்கியபோது அடியிலிருந்து கனமாக ஒன்று தரையில் விழுந்தது. பழைய பச்சைச் சேலைக் கிழிசலில் சுற்றி, மேலே இரட்டை முடிச்சுப் போட்டிருந்தது. எண்ணெய் ஊறிய துணி. அவள் சேலையின் துணி, அவள் போட்ட முடிச்சு.

முற்றத்தில் அண்ணன் ராஜமாணிக்கத்தின் குரல் கேட்டது. காலையிலிருந்து வந்தவர் போனவருக்கெல்லாம் அதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"நான் சொல்லச் சொல்லக் கேக்கலய்யா. 'பம்பர்ல மாட்டாத மாப்ள, அந்த போட் ஷேக்கிள் தாங்காது மாப்ள'ன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். மனுசனுக்குச் சோத்துக்குப் போற அவசரம். அவரே மாட்டிட்டு, 'கீஞ்சோ, இழுங்க மச்சான்'னு கையை ஆட்டுனாரு. நான் என்னய்யா பண்ணுவேன், வின்ச் லீவரைப் போட்டேன். அடுத்த நிமிசம்..."

அங்கே அவன் குரல் உடையும். நேற்று சாயங்காலத்திலிருந்து சரியாக அதே இடத்தில்தான் உடைந்துகொண்டிருக்கிறது. கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். இந்திராணியும் நேற்றெல்லாம் அதைக் கேட்டு அழுதவள்தான். இவ்வளவு தெரிந்த மனுஷன் இப்படி ஒரு காரியம் செய்வாரா என்று செத்தவன் மேலேயே கோபப்பட்டு மாரில் அடித்துக்கொண்டவள்தான். இப்போது மடியில் கிடந்த முடிச்சைப் பார்த்தாள். அது அவிழ்க்கப்படவே இல்லை.

நேற்று உச்சிப்பொழுதில் அவன் சேறும் வேர்வையுமாக வந்து நின்றான்.

"இந்திரா, அதை எடு."

"எதை?"

"அதான், என் ரெண்டாம் சம்சாரத்தை."

இப்போது முடிச்சுக்குள் இருக்கும் ஷேக்கிளுக்கு வீட்டில் அதுதான் பேர். லாடம் மாதிரி வளைந்த தடித்த இரும்பு, வாயை அடைக்க மரையுள்ள ஒரு பின். மிலிட்டரி டிஸ்போசல் ஏலத்தில் எடுத்த, சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச் லாரியோடு வந்தது. அதை அவன் அரிசிப் பானைக்குள் போட்டுவைத்திருந்தான். இல்லாவிட்டால் ஹட் பேயில் அது ஒரு வாரம் தங்காது. இரும்பு என்று எதைக் கண்டாலும் போட்காரர்கள் இரவல் கேட்டு வந்துவிடுவார்கள். லாரி சாமான் கடலுக்குப் போகும், கடலில் கிடந்து உப்பு அரித்தது லாரிக்கு வரும். எது எதற்கு என்ற கணக்கே இந்தத் தீவில் கிடையாது. தேங்காய் எண்ணெய் தடவித் தடவி அவன் அதைக் கொஞ்சுவதைப் பார்த்து, எனக்கு என்றைக்காவது தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டதுண்டா என்று அவள் சண்டை பிடித்திருக்கிறாள்.

"மச்சான் ஜீப்பு நாலாவுல மூக்கோட இறங்கிக் கிடக்கு" என்றான் அவன். "ஷிப்பைப் பிடிக்கணும்னு குதிக்கிறாக. போட்டுல கிடந்த ஷேக்கிளைத் தூக்கிட்டு வந்திருக்காக. பின்னு தொலைஞ்சு போயி ஏதோ ஒரு போல்ட்டைச் சொருகி வச்சிருக்கு. அதை பம்பர்ல மாட்டி இழுக்கணுமாம். பம்பர் என்ன, ரெண்டு துருப்பிடிச்ச போல்ட்டுல நிக்கிற தகரம். சேத்தைத் தோண்டி சேஸிஸ் கொக்கியை வெளிய எடுங்க, நான் வர்ற வரைக்கும் கம்பி ரோப்பைத் தொடாதீகன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

"சாப்பிட்டுப் போங்க."

"வந்து சாப்பிடுறேன். ரோப்புக்கு மாமன் மச்சான் தெரியாது இந்திரா. நான் பக்கத்துல நிக்கணும்."

ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்தான். கையில் எண்ணெய் படும், கட்டிக் கொடு என்றான். அவள் கிழிசலில் சுற்றி முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். இறுக்கிக் கட்டுவது அவள் பழக்கம். அவிழ்க்க வேண்டியவன் அவன்தானே என்று ஒரு முடிச்சுக்கு இரண்டாகவே போட்டாள். அவன் சிரித்துக்கொண்டே போனான்.

அந்த முடிச்சு அப்படியே இருக்கிறது. அப்படியானால் அவன் எதையும் மாட்டவில்லை. கையிலிருப்பதை அவிழ்க்கக்கூட நேரம் இருக்கவில்லை. அவன் போய்ச் சேர்வதற்குள் யாரோ மாட்டியிருக்கிறார்கள்.

பின்வாசலில் நிழல் தட்டியது. லாரியில் கூட வேலை செய்யும் ராஞ்சிக்காரன் சோமா. முன்பக்கம் வரத் துணியாமல் பின்னால் வந்து நின்றான். அவன் பார்வை நேரே அவள் மடியிலிருந்த பச்சைத் துணிக்குப் போனது.

"சோமா பையா" என்றாள் இந்திராணி. "பம்பர் மே கிஸ்னே லகாயா?" பம்பரில் மாட்டியது யார் என்று கேட்டாள்.

அவன் முற்றத்துப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

"டேகேதார்" என்றான். பிறகு, வாயைத் திறந்ததே திறந்தாயிற்று என்பதுபோல மடமடவென்று சொன்னான். "உஸ்தாத் தௌட்கே ஆயா, பாபி. ரோக்கோ, ரோக்கோ சில்லாயா. டேகேதார் நை ருகா."

அதைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு இந்த ஆறு வருஷத்தில் அவளுக்கு இந்தி வந்துவிட்டிருந்தது. மாட்டியது காண்டிராக்டர், அவள் அண்ணன். உஸ்தாத், அதாவது அவள் புருஷன், ஓடி வந்தார், நிறுத்து நிறுத்து என்று கத்தினார், காண்டிராக்டர் நிறுத்தவில்லை. போல்ட் தெறித்து, பம்பர் பிய்ந்து, கம்பியோடு பறந்து வந்தது. கத்திக்கொண்டு குறுக்கே ஓடியவன் நெஞ்சில் அடித்தது. சோமா தன் நெஞ்சில் கையை வைத்துக் காட்டிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு பாடை கட்டுகிற பக்கம் போய்விட்டான்.

அவள் ஷரீபாவிடம் சொல்லி அண்ணனை உள்ளே கூப்பிட்டாள்.

ராஜமாணிக்கம் துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்தான். "என்ன தாயீ, மயக்கம் கியக்கம் வருதா? கடுங்காப்பி போடச் சொல்லவா?"

அந்தக் கனிவில் பொய் இல்லை. அப்பா அம்மா போனபின் அவளைத் தோளில் போட்டு வளர்த்தவன். கப்பலில் வரும்போது அவள் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுத்தாள். கட்டிக்கொண்டவன் பக்கத்தில் விழித்துக்கொண்டு நிற்க, தலையைத் தாங்கிப் பிடித்தவன் இந்த அண்ணன்தான். ஜம்புலிங்கத்துக்கு வேலை கொடுத்துத் தீவுக்குக் கூட்டி வந்தவனும் அவன்தான்.

அவள் பச்சைத் துணி முடிச்சைத் தரையில் அவன் முன்னால் வைத்தாள். அவன் அதை எடுக்கவில்லை.

"டிஸ்பென்சரில இருந்து வந்துச்சு" என்றாள். "நேத்து நான் கட்டிக் குடுத்த முடிச்சு. அவுக அதை அவுக்கவே இல்லண்ணே."

அடுப்பில் யாரோ வைத்துவிட்டுப் போன தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. ராஜமாணிக்கம் குனிந்து விறகை வெளியே இழுத்துவிட்டான். நிமிராமலேயே பேசினான்.

"ஷிப்பு சங்கு ஊதிட்டான் இந்திரா. இதை விட்டா அடுத்த ஷிப்பு எப்பன்னு யாருக்குத் தெரியும்? காண்டிராக்ட் விசயமா ஆபீசரைப் பாத்தே ஆகணும். ஒரு இழுப்புதானே, வந்துரும்னு நெனச்சேன். இவரு குறுக்க வருவாருன்னு நான் கண்டேனா?"

"கத்துனாகளாமே."

"எஞ்சின் சத்தம்." சற்று நிறுத்தி, "கேட்டுச்சு. என்னமோ வழக்கமா கத்துறாருன்னு நெனச்சேன்" என்றான்.

இது வரைக்கும் அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். அவசரத்தில் புத்தி கெட்டுப் போவது யாருக்கும் நடப்பதுதான். அவன் காலைப் பிடித்து அழுதிருந்தால் அவளும் சேர்ந்து அழுதிருப்பாள்.

"சரி. அதை ஏன் அவுக தலையில போட்ட?"

"போனவரு போயிட்டாரு தாயீ." அவன் பக்கத்தில் குந்தினான். குரல் ரகசியமாக இறங்கியது. "ஹவல்தார் வந்து எழுதிக்கிட்டுப் போயாச்சு. நான்தான் மாட்டுனேன்னு இப்பச் சொன்னா என்னை உள்ள போட்ருவான், சைட்டை மூடிருவான். அப்புறம் உனக்கும் பிள்ளைக்கும் யாரு இருக்கா? மெயின்லேண்டுல நமக்கு ஒரு குடிசை இருக்கா? எல்லாம் உனக்காகத்தான் சொன்னேன்."

"எனக்காகவா?"

"வேற யாருக்கு?"

"சோத்துக்குப் போற அவசரம்னு சொன்னியே, அதுவும் எனக்காகத்தானா?" அவள் முடிச்சை மடிக்கு இழுத்துக்கொண்டாள். "பச்சத் தண்ணி மட்டும்தாண்ணே குடிச்சிட்டுப் போனாக. வந்து சாப்பிடுறேன்னு சொல்லிட்டுப் போனாக."

"அது சும்மா ஒரு பேச்சுக்கு வாயில வந்துருச்சு" என்றான் ராஜமாணிக்கம். எழுந்து வேட்டியை உதறிக் கட்டினான். "நீ வாயைத் தொறக்காம இரு. நான் பாத்துக்குறேன். சாகுற வரைக்கும் நான் பாத்துக்குறேன்."

பாத்துக்குவான். அதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. அவளுக்குச் சேலை வாங்கித் தருவான், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பான். அவனை விட்டால் இந்தத் தீவில் அவளுக்கு நாதி கிடையாது, அதுவும் உண்மை. ஆனால் ஊருக்குள் எந்த வண்டி எந்தச் சேற்றில் சிக்கினாலும், ஜம்புலிங்கம் மாதிரி சோத்துக்குப் பறந்து செத்துடாதேடா என்று பேசிக்கொள்வார்கள். பிள்ளை வளர்ந்து அதைக் கேட்கும். அந்தச் சோற்றையும் இந்தப் பேச்சையும் சேர்த்தே விழுங்க வேண்டும். தன்னை வளர்த்த கையே தன் புருஷனைச் செத்த பிறகும் ஒரு தடவை அடித்திருக்கிறது என்று நினைத்தபோது, அழுகை நின்று உடம்பெல்லாம் எரிந்தது.

குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, முற்றத்தில் கிடத்தினார்கள். வாய்க்கரிசி போட்டார்கள். பெங்காலிப் பெண்கள் செம்பருத்திப் பூவைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து கால்மாட்டில் கொட்டியிருந்தார்கள். ஜெகநாதன் கொள்ளிச் சட்டியோடு நின்றான்.

"பொறந்த வீட்டுக் கோடி போடுறவுக வாங்க" என்று ஒருத்தி குரல் கொடுத்தாள்.

தாலி இழந்தவளுக்கு உடன்பிறந்தவன் புதுச்சேலை போர்த்த வேண்டும். கட்டியவன் போனாலும் நான் இருக்கிறேன் என்று ஊர் முன்னால் சொல்வது அதுதான். ராஜமாணிக்கம் கடைக்காரர் நூருல்லாவிடம் இருந்ததிலேயே உசத்தியான சேலையைக் காகிதம் பிரிக்காமல் எடுத்துக்கொண்டு வந்தான். பெண்கள் இந்திராணியைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து பிணத்தின் தலைமாட்டில் உட்கார வைத்தார்கள்.

"அண்ணன் கோடி போடுறாரு. தலையக் குனிஞ்சுக்க, ஆத்தா."

அவள் குனியவில்லை.

"அண்ணே" என்றாள். எல்லோருக்கும் கேட்டது. "மொதல்ல அவுக மொகத்தைப் பாத்துச் சொல்லு. பம்பர்ல மாட்டுனது யாருன்னு சொல்லு. சொல்லிட்டுப் போர்த்து, நான் குனிஞ்சுக்கிறேன்."

ராஜமாணிக்கம் சிரிப்பதற்கு முயன்றான். "பாவம், புத்தி பேதலிச்சுப் போயிருக்கா" என்று சுற்றியிருந்தவர்களிடம் சொன்னான். சோமா தலையைக் குனிந்துகொண்டான். அதைப் பார்த்த ஜெகநாதன் அவனையும் ராஜமாணிக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"சொல்லுண்ணே. உனக்கு ஒண்ணும் ஆகாது. ஒரு வார்த்த."

அவன் பிணத்தைப் பார்த்தான். வாய் அசைந்தது. பிறகு கண்ணை எடுத்துக்கொண்டு, "நேரமாகுது, தூக்குங்கய்யா" என்றான்.

இந்திராணி தலைமாட்டிலிருந்து எழுந்து ஷரீபாவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். கோடி விழாத பழைய சேலையோடு நின்றாள். ஒரு கிழவி ஐயையோ என்றாள். ஷரீபா அவள் தோளைச் சுற்றிக் கையைப் போட்டாள்.

பாடையின் முன்பக்கம் அண்ணனுக்கென்று விட்டிருந்த இடத்தில் தோள் கொடுக்க ராஜமாணிக்கம் வந்தான். ஜெகநாதன் கையை நீட்டி அவனைத் தடுத்துவிட்டு சோமாவைக் கூப்பிட்டான். சோமா வந்து குனிந்து தோள் கொடுத்தான். பாடை எழுந்தது.

பெண்கள் வேலிப் படலோடு நின்றுகொண்டார்கள். ராஜமாணிக்கம் அந்தச் சேலையைக் கொடுத்துவிட்டுப் போக ஒருத்தியிடம் நீட்டினான், அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். இன்னொருத்தியிடம் நீட்டினான், அவளும் வாங்கவில்லை. பிறகு அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு கூட்டத்தின் கடைசியில் நடந்தான். கடல் பக்கமிருந்து மழை வந்தது. முன்னால் போகிறவர்கள் யாரும் வேகத்தைக் கூட்டவில்லை. இந்திராணி பார்த்துக்கொண்டே நின்றாள். பாதை திரும்புகிற இடத்தில் ராஜமாணிக்கம் நின்றான். காகிதம் நனையாமல் இருக்க, சட்டைப் பொத்தானைக் கழற்றி, சேலையை உள்ளே வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு மறுபடி நடந்தான்.