விடத் தெரிந்த பட்டம்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறவள் வீட்டில் வாஷிங் மெஷின் செத்துக் கிடக்கிறது என்றால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். எனக்கு வரவில்லை. பகல் முழுக்க யார் யாரோ படுத்து எழுந்த விரிப்புகளைப் போட்டு எடுத்து, காயவைத்து, மடித்து அனுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்து என் புருஷனின் கிரீஸ் சட்டையைக் குளியலறையில் குந்தி உட்கார்ந்து கசக்குகிறேன். பழுது பார்க்க வந்தவன் பின்பக்கத்தைத் திறந்தான், உதட்டைப் பிதுக்கினான், மூடிவிட்டுப் போய்விட்டான். "புதுசுதான் வாங்கணும். கொஞ்சம் சேரட்டும், பார்க்கலாம்" என்றார் இவர். "சரி, விடுங்க" என்றேன்.

எங்கள் வீட்டில் 'சரி, விடுங்க' என்பது எனக்கே பட்டா போட்டுக் கொடுத்த சொல். மேற்பார்வைக்காரி வேறொருத்தியின் ஷிஃப்டை என் தலையில் கட்டினால், சரி, விடுங்க. மாமியார் ஃபோன் பண்ணி, போன வாரம் சொன்ன குறையையே மறுபடி முதலிலிருந்து சொன்னால், சரி, விடுங்க. இவர் வாயில் மட்டும் அது வராது. லிஃப்ட் மெக்கானிக். நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே ஆட்களோடு நிற்கிற பெட்டியைப் பார்த்து 'சரி, விடு' என்று சொல்ல முடியுமா? அந்தப் பழக்கம் அப்படியே வீட்டுக்கும் வந்துவிட்டது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

எனக்கு ஒரே ஒரு கிறுக்கு உண்டு. கல்யாணத்துக்கு முன்பே பிடித்தது. கடலில், விளிம்புக் குழாய்களில் காற்றடித்த பெரிய பட்டத்தைப் பறக்கவிட்டு, காலில் பலகையை மாட்டிக்கொண்டு, அது இழுக்கிற இழுப்பில் தண்ணீர்மேல் வழுக்கிப் போவது. முக்கால்வாசிப் பேர் பட்டத்தை இடுப்புக் கொக்கியில் மாட்டிக்கொண்டு உயர உயரத் தொங்குவார்கள். நான் செய்வது வேறு, அதற்கு வேக்ஸ்டைல் என்று பெயர். கொக்கியைக் கழற்றிவிட வேண்டும். பிடியைக் கையால் மட்டும் பிடித்துக்கொண்டு, பலகையை அழுத்தி எம்ப வேண்டும். எம்பியதும் பட்டம் ஒரு மூச்சு நேரம் இழுப்பதை நிறுத்தி, கயிறு தொய்ய வேண்டும். அந்தத் தொய்வுக்குள் பிடியை முதுகுக்குப் பின்னால் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு இறங்க வேண்டும். பட்டம் விடாமல் இழுத்தால் கை மாறாது, தோள்தான் மாறும்.

எனக்கு ஒருமுறை மாறியிருக்கிறது. யாரோ மலிவாகக் கொடுக்கிறார்கள் என்று, இந்த விளையாட்டுக்கு ஆகாத ஒரு பட்டத்தை வாங்கிய பலன். "இன்னொரு தடவை கழண்டா ஆபரேஷன்தான். அதுக்கப்புறம் கடலும் கிடையாது, ஈர மூட்டை தூக்குற வேலையும் கிடையாது" என்று எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரே சொல்லிவிட்டார். அந்தப் பட்டமும் கொஞ்ச நாளில் கிழிந்து தொலைந்தது. அதற்குப் பிறகு கூடுதல் ஷிஃப்ட் பார்த்து, ஒரு பழைய பட்டம் வாங்குகிற அளவுக்குச் சேர்த்திருந்தேன். ஒன்றே ஒன்று. இந்தத் தடவையும் தப்பானதை வாங்கினால், அதோடு என் கடல் முடிந்தது. இதை இவரிடமும் சொல்லியிருந்தேன்.

அதனால்தான் இவரும் கூட வந்தார். கிழிந்த பட்டங்களை ஒட்டி விற்கிற ஒருவர் கடற்கரையை ஒட்டி ஷெட் போட்டிருந்தார். எல்லோரும் அவரை ஒட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கவிழ்த்துப் போட்ட கூடைமேல் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். சுற்றிலும் பம்புகள், கயிற்றுச் சுருள்கள், பசை டப்பாக்கள். நான் காலை ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருந்தேன். நின்றுகொண்டே தூங்கியிருப்பேன்.

"உங்க காசுக்கு ரெண்டுதாம்மா இருக்கு" என்று அவர் மணலில் விரித்துக் காட்டினார். ஒன்று ஆரஞ்சு, கடையிலிருந்து இப்போதுதான் பிரித்ததுபோல் மின்னியது. இன்னொன்று நீலமாக இருந்திருக்க வேண்டும். வெயிலில் வெளுத்து, நெற்றியில் பெரிய ஒட்டோடு கிடந்தது.

"எது விலை கம்மி?" என்றார் இவர்.

"ரெண்டும் ஒரே விலைதான் சார். ஆரஞ்சு பழைய மாடல்னு யாரும் வாங்கல. நீலத்துல காத்து கசியுதுன்னு யாரும் வாங்கல."

"கசிஞ்சா எவ்வளவு நேரம்ணே தாங்கும்?" என்று நான் கேட்டேன்.

"அரை மணி நேரம். அப்புறம் தொளதொளன்னு ஆயிடும். கரைக்கு வந்து மறுபடி காத்தடிச்சுக்கணும்."

"எனக்கு அரை மணி நேரத்துக்கு மேல யாருண்ணே லீவு குடுக்கறாங்க?"

ஒட்டுக்காரர் சிரித்து, சிரிப்பு இருமலாகிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இவர் சிரிக்கவில்லை. முழங்காலிட்டு, லிஃப்ட் பரிசோதனைக்குப் போனவர்போல ஒவ்வொரு கயிற்றையும் இழுத்துப் பார்த்தார். தையலின்மேல் நகத்தை ஓட்டினார்.

"இந்த ஆரஞ்சு எப்படி இழுக்கும்?"

"தூங்கவே தூங்காது சார். காத்து இருக்கிறவரைக்கும் இழுத்துக்கிட்டே இருக்கும். நீலம் அப்படி இல்ல. இழுக்கும்போது முரட்டு இழுப்பு. ஆனா விட வேண்டிய நேரத்துல விட்டுடும்."

"விட்டுடும்னா?"

"கயிறு தொய்யும் சார்."

இவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். "கயிறு தொய்ஞ்சா எங்க வேலையில என்ன அர்த்தம் தெரியுமா? பெட்டி எங்கயோ சிக்கியிருக்குன்னு அர்த்தம். இல்ல, அந்துபோச்சுன்னு அர்த்தம். அதுக்குன்னே தனியா ஒரு சுவிட்ச் வெச்சிருக்கோம். தொய்ஞ்ச உடனே எல்லாத்தையும் நிறுத்திடும்."

"இது லிஃப்ட் இல்லீங்க. எனக்கு அந்தத் தொய்வுதான் வேணும்" என்றேன். இதை எத்தனையாவது முறையாகச் சொல்கிறேனோ.

"தோள் கழண்டு கிடந்தப்ப யாரு வண்டி ஓட்டிக்கிட்டுப் போனது?"

இவர்தான் ஓட்டினார். வழியெல்லாம் ஒரு கையால் ஸ்டியரிங்கையும் மறு கையால் என் முழங்காலையும் பிடித்துக்கொண்டு, சிவப்பு விளக்குகளைத் திட்டிக்கொண்டு ஓட்டினார். இவருக்கு அது பயம், எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பயம் சரியாகப் போய்த் தப்பான பட்டத்தின்மேல் கையை வைக்கிறதே! விளக்கிச் சொல்ல வாய் வரவில்லை. அத்தனை அலுப்பு.

"சரி, விடுங்க. ரெண்டையும் ஓட்டிப் பார்க்கலாம்" என்றேன்.

முதலில் ஆரஞ்சு. ஒட்டுக்காரர் பிடித்துத் தூக்கிவிட்டார். அழகாகத்தான் எழுந்தது, குறை சொல்ல முடியாது. கொக்கியில் மாட்டியிருந்தவரை பசுமாடுபோலச் சொன்ன பேச்சு கேட்டது. தள்ளிப் போய்க் கொக்கியைக் கழற்றினேன், எம்பினேன். அது நிறுத்தவில்லை. மேலே போகும்போதும் இழுத்தது, உச்சியிலும் இழுத்தது, இறங்கும்போதும் இழுத்தது. என் கை காதுக்கு மேலே போய், பழைய இடத்தில் உள்ளே ஏதோ நெரிந்தது. பிடியை விட்டுவிட்டுத் தண்ணீரில் தொப்பென்று விழுந்தேன். கழலவில்லை. கழலவில்லை என்று இரண்டு முறை தடவிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

கரையில் இவர் துண்டோடு நின்றிருந்தார். "எப்படி இருக்கு?"

தோள் வலிக்கிறது என்று சொன்னால், அந்தத் துண்டிலேயே சுற்றி வண்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார். நீலத்தைத் தொடக்கூட முடியாது. "சரி... பரவாயில்ல" என்றேன். "நீலத்தையும் ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறேன்."

"அதான் இது சரின்னுட்டியே, அப்புறம் அது எதுக்கு?"

"காத்துள்ளபோதே தூத்திக்கட்டும் சார், விடுங்க" என்று ஒட்டுக்காரர் நீலத்துக்குக் காற்றடித்துக் கொடுத்தார்.

நீலம் பொல்லாதது. எழும்போதே என்னை நாலு தப்படி ஓட வைத்தது. அடேங்கப்பா, இதையா வாங்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டே போனேன். ஆழமில்லாத இடமாகப் பார்த்து, கொக்கியைக் கழற்றி, பலகையை அழுத்தி எம்பினேன்.

விட்டது.

கயிறு நான்கும் தொய்ந்து தொங்கின. கையில் பிடி இருக்கிறது, பிடியில் பாரம் இல்லை. காற்றுச் சத்தம்கூட நின்றதுபோல் இருந்தது. மேற்பார்வைக்காரி இல்லை, ஃபோன் இல்லை, ஊறவைத்த துணி இல்லை. உலகத்தில் எதுவும் என்னை எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. கை மாற்ற வேண்டிய நேரம் அதுதான், தாராளமாக நேரம் இருந்தது. மாற்ற மறந்துவிட்டேன். சும்மா இருந்தேன். அப்புறம் பட்டம் மெதுவாக என்னைப் பிடித்தது, பலகை தண்ணீரைத் தொட்டது, நான் போய்க்கொண்டிருந்தேன். அழுதேனா, உப்புத் தண்ணீரா, தெரியாது. அழுதேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பிப் பார்த்தால், இவர் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார். வேலைக்குப் போடுகிற பூட்ஸோடு!

"கயிறு தொய்ஞ்சுது! நான் பார்த்தேன்! நாலும் தொய்ஞ்சுது!" என்று கத்தினார்.

"தெரியும்ங்க. அதுக்குத்தானே வந்தோம்."

"எனக்கு உயிரே போச்சு."

"எனக்கு வந்துச்சு."

ஒட்டுக்காரர் பட்டத்தைப் பிடித்து இறக்கி, மணலில் கவிழ்த்து வைத்தார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு, "அண்ணே, இதையே எடுத்துக்கறேன்" என்றேன். அவர் இவரைப் பார்த்தார். இவர் பூட்ஸைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டினார். கொட்டி முடிந்த பிறகும் குலுக்கிக்கொண்டே இருந்தார்.

"நீ நீலத்தோட போனப்ப, உன் பணத்துலேர்ந்து அட்வான்ஸ் குடுத்துட்டேன்" என்றார்.

"எதுக்கு?"

"ஆரஞ்சுக்கு. நீதானே சரின்னே? யாரோ இவருக்கு ஃபோன் பண்ணி அதைக் கேட்டாங்க. கைவிட்டுப் போயிடுமேன்னு..."

"அந்த ஆள்கிட்ட இல்லைன்னு சொல்லிட்டேன்மா" என்றார் ஒட்டுக்காரர். "அவர் வேற இடத்துல முடிச்சுட்டார். சீசன் முடியப்போகுது, இனிமே இதை யாரு கேப்பா? அட்வான்ஸைத் திருப்பிக் குடுத்தா எனக்குத்தான் நஷ்டம்." அவர் சொன்னதிலும் தப்பில்லை. ஆரஞ்சுக்குக் கொடுத்தது போக என் பணத்தில் மிஞ்சியிருப்பது நீலத்துக்குப் பற்றாது.

'சரி, விடுங்க' தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் போதும். ஆரஞ்சு வண்டியில் ஏறும், எல்லோரும் சிரித்த முகத்தோடு வீட்டுக்குப் போகலாம், நான் துணி துவைக்கலாம். எத்தனை சுலபம்! வாயைத் திறந்தேன்.

"எனக்கு அது வேணாம்ங்க" என்றேன்.

இவர் நிமிர்ந்து பார்த்தார்.

"தோள்ல நெரிஞ்சுது. உங்ககிட்ட சொல்லல. சொன்னா தூக்கிக்கிட்டுப் போயிடுவீங்கன்னு சொல்லல. இழுக்கறதுக்கு எனக்கு ஆளா இல்ல? வேலையில இழுக்கறாங்க, வீட்டுல இழுக்கறீங்க, ஃபோன்ல உங்கம்மா இழுக்கறாங்க. காசு குடுத்து வேற ஒண்ணு வாங்கி அதுவும் இழுக்கணுமா? ஒண்ணே ஒண்ணு என்னை விடுதுங்க. அதோ கிடக்கு, ஒட்டுப்போட்டு. அது வேணும் எனக்கு."

அவ்வளவு பேசியதில் எனக்கே மூச்சு முட்டியது. ஒட்டுக்காரர் அவசரமாக ஒரு கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார். இவர் சட்டைப்பையில் ஃபோன் அடித்தது. எங்கோ ஒரு லிஃப்ட் நின்றிருக்கும். எடுத்துப் பார்த்தார், "பக்கத்துல இருக்கற பையனை அனுப்புங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். ஈர பூட்ஸை ஜோடியாக மணலில் வைத்தார். நீலத்தின் நெற்றி ஒட்டை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"அட்வான்ஸ் போனா போவுது" என்றார். "சரி, விடு."

காதில் தண்ணீர் போயிருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

"நீலத்துக்குப் பணம்?"

"மெஷினுக்கு வெச்சிருக்கோம்ல, அதுல எடுத்துக்கலாம்."

"அப்ப துணி?"

"மறுபடி சேர்ற வரைக்கும் கையால துவைச்சுக்கலாம்."

"யார் கையால?"

இவர் தன் கைகளைப் பார்த்தார். முன்பக்கம் பார்த்தார், திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். நகக்கண்ணெல்லாம் கிரீஸ்.

"என் கையாலதான்" என்றார்.

நீலப் பட்டம் அதற்குள் தொளதொளத்துப் போயிருந்தது. கடல்மேல் காற்று இன்னும் மிச்சமிருந்தது.

"அப்ப இதுல ஆரம்பிங்க" என்று பம்பை எடுத்து அந்தக் கையில் கொடுத்தேன்.