பதினொன்றுக்கு நாலு மணி

கணவர் பீமராவுக்கு டிஸ்சார்ஜ் என்று டாக்டர் சொன்னதும், மகன் ஜெயக்குமாரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்துத் தென்னூர் வீட்டுக்கு ஓடி வந்தாள் பிரேமலதா. வந்ததும் செய்த முதல் வேலை, வீடு பெருக்குவது அல்ல. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறியதுதான்.

ஹால் சுவர் முழுக்கப் பழங்காலக் கடிகாரங்கள். ஜெர்மன்காரன் செய்தது, ரயில்வே ஏலத்தில் எடுத்தது, காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டை இடித்தபோது வாங்கி வந்த ஆளுயரக் கடிகாரம். நடுவில் மழையா வெயிலா என்று காட்டும், ஏற்காட்டு பங்களாவிலிருந்து வந்த பாரோமீட்டர் ஒன்று. அந்த வீட்டில் சாவி கேட்காத ஜீவன் அது மட்டும்தான். மற்ற எல்லாவற்றுக்கும் ஞாயிறுதோறும் சாவி கொடுத்தாக வேண்டும். பீமராவ் ஒரு வாரமும் தவறியதில்லை. கொழுந்தியாள் கல்யாணமே ஞாயிற்றுக்கிழமை வந்தபோதுகூட, எல்லாவற்றுக்கும் சாவி கொடுத்து முடித்து, தாலி கட்டி ஆனபிறகுதான் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தார்.

இதய ஆபரேஷனுக்காக அவர் படுத்ததும் அந்த வேலை பிரேமலதாவின் தலையில் விழுந்தது. ஐ.சி.யூ.விலிருந்து வெளியே கொண்டுவந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "சாவி கொடுத்தியா லதா?"

"கொடுத்தேங்க" என்றாள். கொடுக்கவில்லை.

கடிகாரங்கள் ஒவ்வொன்றாக நிற்க நிற்க, வீட்டிலிருந்து ஒரு பாரம் இறங்கினாற்போல் இருந்தது அவளுக்கு. மதியம் ஜெயக்குமார் ஆஸ்பத்திரியில் இருக்கும் நேரத்தில் வந்து குளித்து, ஹால் தரையில் சாய்ந்தால் அடித்துப் போட்ட மாதிரி தூக்கம். மாமியாருக்குப் பெட்பேன் வைத்த வருஷங்கள், பிள்ளையின் பரீட்சை வருஷங்கள், இவருடைய சர்க்கரை என்று எழுந்து எழுந்தே பழகிய உடம்பு அவளுடையது. யாரும் எழுப்பாத தூக்கம் எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது.

இப்போது அவர் வரப்போகிறார். முட்டி வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு, சாவி கொடுத்து, பெண்டுலத்தைத் தட்டிவிட்டு, செல்போனைப் பார்த்துப் பார்த்து முள்ளைச் சரசரவென்று சுற்றி வைத்தாள்.

அங்கேதான் தப்பு நடந்தது. அந்தக் காலத்துக் கடிகாரங்களில் முள் வேறு, மணியடிக்கும் கணக்கு வேறு. முள்ளைச் சுற்றும்போது ஒவ்வொரு மணிக்கும் நிறுத்தி, அடித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் முள் ஓரிடத்தில் நிற்கும், மணி வேறு கணக்கில் அடிக்கும். பீமராவ் இதை நூறு தடவை சொல்லியிருக்கிறார். பஸ் ஸ்டாண்டு மைக்கைக் கேட்பதுபோல் பிரேமலதாவும் நூறு தடவை கேட்டிருக்கிறாள்.

பீமராவைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு ஜெயக்குமார் மாத்திரை வாங்கப் போனான். மணி பதினொன்று ஆனது. ஜெர்மன் கடிகாரம் நாலு அடித்து நிறுத்தியது. ரயில்வே கடிகாரம் ஒன்பது. ஆளுயரக் கடிகாரம் நிதானமாக இரண்டு அடித்துவிட்டு ஓய்ந்தது.

"லதா."

கஞ்சிக் கிண்ணத்தோடு வந்தாள்.

"எல்லாம் நின்னு போயி, திரும்ப ஓட விட்டிருக்கே. இல்லையா?"

"ஆமாங்க."

"மறந்துட்டியா? பாவம், என்னைப் பார்ப்பியா, இதைப் பார்ப்பியா."

நல்ல வழியாக அவரே திறந்துவிட்டார். தலையாட்டியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் தலையாட்டினால் வருகிற ஞாயிறும் ஸ்டூல். அதற்கடுத்த ஞாயிறும் ஸ்டூல். கையைத் தூக்கவே கூடாது என்று டாக்டர் அவருக்குச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகும் அவர் ஏறப்போவதில்லை.

"மறக்கல. வேணும்னேதான் விட்டேன். கொடுத்தேன்னு சொன்னது பொய். இனிமேயும் என்னால முடியாதுங்க."

பீமராவ் கஞ்சியைப் பார்த்தார். குடிக்கவில்லை.

"சிவசங்கருக்கு ஃபோன் போடு. வந்து எல்லாத்தையும் எடுத்துட்டுப் போகட்டும்" என்றார், கல்லூரிப் பையன் கோபித்துக்கொண்டாற்போல.

சிவசங்கர் ஸ்ரீரங்கத்துக்காரர். இவரைப் போலவே கடிகாரப் பைத்தியம். அந்த ஜெர்மன் கடிகாரத்தின்மேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண். சாயங்காலம் காவிரிப் பாலம் தாண்டி ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் மலரும் என்று எதிர்பார்த்த பிரேமலதா ஏமாந்து போனாள்.

"நான் எங்கடா வைப்பேன்?" என்றார் சிவசங்கர். "என் வீட்டுலயே ரெண்டுதான் ஓடுது."

"என்னடா சொல்றே? போன வாரம்கூட எல்லாம் டான்னு அடிக்குதுன்னியே?"

"சொன்னேன். நீ ஆபரேஷனுக்குப் போறவன். உங்கிட்ட என் வீட்டுல எல்லாம் நின்னு போச்சுன்னு சொல்ல முடியுமாடா? தோள் எலும்பு தேஞ்சு போச்சு. மருமக ரஞ்சனி சாவியைத் தொட மாட்டேங்குறா. ஒரு வருஷமாச்சு."

"ஒரு வருஷமா பொய் சொல்லியிருக்கே."

"நீ மட்டும் என்ன! உன் பாரோமீட்டர் சரியா காட்டுதுன்னு எத்தனை வருஷமா சொல்றே? அது மழைங்குது. வெளியில வெயில் மண்டையைப் பிளக்குது."

பீமராவுக்குச் சிரிப்பு வந்தது; நெஞ்சில் தையல் இழுத்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டார். சிவசங்கர் காபி குடித்துவிட்டு, "உடம்பைப் பார்த்துக்கடா. போயிட்டு வரேன் லதாம்மா" என்று வெறுங்கையோடு கிளம்பினார். ஜெர்மன் கடிகாரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சுவரில் ஐந்தரைக்கு எல்லாமாகச் சேர்ந்து ஒவ்வொரு மணி அடித்தன. அரை மணிக்கு எதுவானாலும் ஒரே அடிதான்; அதில் மட்டும் தப்பில்லை.

"நிறுத்திடு லதா" என்றார் பீமராவ். "தப்புத் தப்பா அடிக்கிறதைக் கேட்டுட்டு என்னால உட்கார முடியாது. சரி பண்ணு சரி பண்ணுன்னு உன்னைத்தான் பிடுங்குவேன்."

"ஜெயக்குமார் வெளியிலேர்ந்து வந்ததும் அவன்கிட்ட சொல்லவா?"

"அவனுக்குப் பெண்டுலத்தை எங்கே பிடிக்கணும்னு தெரியாது. நீயே நிறுத்து. இதுதான் கடைசி."

கடைசி என்று அவரே சொன்னதில் அவளுக்குக் கால் கொஞ்சம் லேசானது. ஒவ்வொன்றின் கண்ணாடிக் கதவையும் திறந்து, பெண்டுலத்தை விரலால் பிடித்து, ஆட்டம் அடங்கியதும் மெதுவாக விட்டாள். அவர் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆளுயரக் கடிகாரத்திடம் வந்தபோது மட்டும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவளும் அந்தக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

வீடு அடங்கியது. மேலே எங்கேயோ கடகடவென்று சத்தம்.

"அது என்ன சத்தம்?" என்றார் பீமராவ்.

"மாடி வீட்டு வஹீதா கிரைண்டர் போடறா."

"இவ்வளவு சத்தமாவா?"

"தினம் இந்த நேரத்துக்குப் போடறா. உங்களுக்குத்தான் இத்தனை வருஷமா கேக்கல" என்று சொல்லிக்கொண்டே அவர் காலடியில் பாயை விரித்துப் படுத்தாள் பிரேமலதா. கிரைண்டர் நிற்பதற்குள் தூங்கிப்போனாள். பீமராவுக்குத் தண்ணீர் தாகமாக இருந்தது. கூப்பிட வாயெடுத்தவர், வெளியே போயிருந்த ஜெயக்குமார் வரட்டும் என்று காத்திருந்தார்.