தொட்டிலுக்குக் கொடுத்த பெயர்

ஆறு மாதம் நிறைந்தும் காவியாவின் பெண்குழந்தை மூன்று மாத எடையிலேயே நின்றிருந்தது. ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் செய்து பார்த்தார்கள். நோய் என்று சொல்ல ஒன்றுமில்லை. வார்டில் நர்ஸ் அன்புக்கரசி இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்த நாட்களில் கன்னம் லேசாக உப்பியது. வீட்டுக்கு வந்ததும் வற்றியது. மறுபடி சேர்த்தார்கள், மறுபடியும் அதே கதை.

“ரத்தத்துல கொறையில்ல, வயித்துல கொறையில்ல. எங்ககிட்ட இருந்தா ஏறுது, உங்க வூட்டுக்குப் போனா எறங்குது. அங்க என்னாதாம்மா இருக்குது?” என்றாள் அன்புக்கரசி, விடைகொடுக்கும்போது.

வீட்டில் இருந்தது ஒரு பொம்மை.

பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதுவது காவியாவின் வேலை. தலைமகனை அவள் கண்கொட்டாமல் பார்த்துப் பூரித்த வாரத்தில்தான் காய்ச்சல் அவனைக் கொண்டுபோயிற்று. தன் கண்ணே பட்டுவிட்டது என்று ஊர் சொல்லுமுன் அவளே சொல்லிக்கொண்டாள். எனவே இந்தப் பெண் பிறந்ததும் காவியாவும் மாமியார் வீரம்மாளும் ஓர் ஏற்பாடு செய்தார்கள். கண் எழுதாத குழந்தைப் பொம்மை ஒன்றைப் பட்டறையிலிருந்து கொண்டுவந்து தொட்டிலில் கிடத்தி, இளமதி என்ற பெயரையும் அதற்கே வைத்தார்கள். கொஞ்சலும் முத்தமும் அதற்கு. படுகிற கண் அதன்மேல் படட்டும். குழந்தை ஜன்னலோரப் பாயில் பெயரின்றிக் கிடந்தது. புட்டிப்பால் ஒருவேளையும் தவறியதில்லை. ஊட்டும்போது காவியா முகத்தை மட்டும் திருப்பிக்கொள்வாள். குழந்தை அழுவதை எப்போதோ நிறுத்தியிருந்தது.

அன்று நடுப்பகலில் கரண்ட் போயிருந்தது. காவியா பொம்மையைத் தூக்கி முத்தமிட்டாள். அதன் வழவழப்பான நெற்றியில் ஜன்னலும் பாயும் சிறியதாகத் தெரிந்தன. அந்தப் பாயில் ஒரு சின்ன வாய் முத்தத்துக்குக் குவிந்தது.

அவள் பொம்மையைக் கண்ணருகே கொண்டுவந்தாள். மீண்டும் முத்தமிட்டாள். நெற்றிக்குள் அந்த வாய் மீண்டும் குவிந்தது. பொம்மையின் மார்பைத் தட்டினாள். பாயில் கிடந்த குழந்தை ஒவ்வொரு தட்டுக்கும் இமை தாழ்த்தியது.

“அத்தே, இங்க குடுக்கிறத அது அங்கேர்ந்தே வாங்கிக்கப் பாக்குது.”

“எது?”

“எம் பொண்ணு.”

அந்தச் சொல்லைக் கேட்டதும் வீரம்மாள் அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். “பாக்காதடி! மொதப் புள்ளய முழுங்குன கண்ணு பத்தலியா ஒனக்கு?”

காவியா அதற்குள் பொம்மையைத் தொட்டிலில் போட்டுவிட்டுப் பாயருகே மண்டியிட்டிருந்தாள். குழந்தையைக் கையிலெடுத்தபோது பொம்மையின் கனம்கூட இல்லை. பிறந்ததிலிருந்து முதன்முறையாக நேராகப் பார்த்தாள். அகன்று, அசையாத கண்கள். யாரோ எழுதி உலரவைத்தவை போலிருந்தன.

“இளமதி,” என்றாள்.

குழந்தை தலையைத் திருப்பித் தொட்டிலைப் பார்த்தது.

காவியா தொட்டிலுக்கு முதுகு காட்டி, அது மறையும்படி உட்கார்ந்தாள். பின்னால் வீரம்மாள் என்னென்னவோ கத்திக்கொண்டிருந்தாள்.

“இளமதி. இங்க பாருடி. இங்க.”

கண்கள் அவள் தோளைத் தாண்டித் தேடின. பிறகு, முன்பின் தெரியாதவள் வீட்டுக்குள் வரத் தயங்குவதுபோல், அவள் முகத்துக்கு வந்தன. அவள் இமைக்கவில்லை. வெகுநேரம் கழித்துச் சின்ன வாய் குவிந்தது.

காவியா குனிந்தாள்.