தலை மாத்தி வந்த இஞ்சின்

அமிர்தநாதர் போய்ச் சேர்ந்து பத்து மாதமாகியும் சேமக்காலையில் அவருடைய குழிமேல் இன்னும் பெயர்க் கல் வைக்கவில்லை. ஆண்டுப் பூசைக்கு முன்னம் வைத்தாக வேண்டும். மோர்னிங்சைட் கோயிலில் பூசைக்கு வருகிற சனம் கேட்டுக் களைத்துவிட்டது. மனைவி வேரோனிக்காவும் பனி, நிலம் இறுகிப்போச்சு, நல்ல கறுப்புக் கல் வரவேணும் என்று ஆளுக்கொரு சாட்டுச் சொல்லிக் களைத்துவிட்டாள். உண்மையில் அந்தக் கல்லில் எந்தப் பெயரை வெட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கட்டின மனுசனின் பெயர் தெரியாத பெண்ணும் உண்டா என்று சிரிக்க வேண்டாம். இவளுக்கு இரண்டு பெயர் தெரியும், அதுதான் தொல்லை.

ஊரில், பேசாலையில், அவருக்கு ஞானஸ்நானப் பெயர் பஸ்ரியன். அமிர்தநாதர் என்பது கூட்டாளியின் பெயர். அந்தக் கூட்டாளியின் பாஸ்போட்டில்தான் அவர் கனடாவில் வந்து இறங்கினார். வாயைத் திறந்தால் திருப்பி அனுப்புவார்கள் என்று ஆளை அனுப்பிய ஏஜென்சிக்காரன் வெருட்டிய வெருட்டில், சாகும்வரை அமிர்தநாதராகவே இருந்துவிட்டார். மற்றப் பெண்கள் புருசன் பெயரைச் சொல்லக் கூச்சப்படுவார்கள். வேரோனிக்கா பயப்பட்டாள்.

இப்போது வேறொரு பயமும் பிடித்துக்கொண்டது. பத்து மாதமாகப் பீடத்தில் வாசிக்கிற பெயர் அமிர்தநாதர். பஸ்ரியனுடைய ஆன்மாவுக்கு அதில் ஏதும் போய்ச் சேருமா? ஆண்டவருக்கு எல்லாம் தெரியும் என்று மனதைத் தேற்றினாலும், அவளுக்கு நித்திரை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகன் மாக்கஸ் சாப்பிட வந்தான். றயில் சிக்னலில் வேலை, பைத்தியமும் றயில்தான். சாப்பிட்ட கையைக் கழுவியதும் போனை நீட்டினான்.

"அம்மா, இதுதான் றோயல் ஸ்கொட். லண்டனிலை இருந்து ஸ்கொட்லாந்துக்கு ஓடின எக்ஸ்பிறஸ் இஞ்சின். இப்பவும் பழுதாகாமல் வைச்சிருக்கினம். சமர் லீவுக்குப் போய்ப் பாக்கப்போறன்."

"கரிக்கோச்சி பாக்க பிளேன் ஏறிப் போறியோ? நல்லாயிருக்கு."

"இது கனடாவுக்கும் வந்தது, தெரியுமே? 1933ஆம் ஆண்டு. கப்பலிலை மொன்றியலுக்குக் கொண்டுவந்து, ஊர் ஊரா ஓட்டி, சிகாகோ எக்ஸிபிஷனுக்குக் கொண்டுபோனவங்கள். ஆனா ஃபன்னி என்னெண்டால், உண்மையான றோயல் ஸ்கொட் வரேல்லை. அதின்ரை நம்பர் 6100. வந்தது 6152, அதைவிடப் புது இஞ்சின். மற்றதின்ரை பெயரையும் நம்பரையும் பூட்டி அனுப்பிட்டாங்கள்."

சட்டி கழுவிக்கொண்டிருந்த வேரோனிக்காவுக்கு வாய் முந்திவிட்டது.

"அட, அதுவும் தலை மாத்தியே வந்தது!"

"வாட்? தலை மாத்தி எண்டால்?"

ஒருவருடைய பாஸ்போட்டில் படத்தை உரித்துவிட்டு இன்னொருவர் படத்தை ஒட்டுவதுதான் தலை மாற்றுவது. சண்டைக் காலத்தில் ஊரைவிட்டு வந்த சனத்துக்கு அது சோறு, தண்ணி போலப் பழகின சொல். இங்கே பிறந்த பிள்ளைகளிடம் அதை யார் சொன்னார்கள்?

அவள் வேறொன்று கேட்டாள். "திரும்பிப் போனாப்பிறகு பெயரை மாத்திக் குடுத்தவங்களே?"

"இல்லையம்மா. அந்தப் பெயரோடையே கடைசிவரை ஓடினது. பொயிலரைக்கூட மாத்தினவங்கள், பெயரை மாத்தேல்லை."

"அப்ப பெயர் குடுத்த இஞ்சின்?"

"அது 6152 ஆயே ஓடினது. அறுபதுகளிலை வெட்டி இரும்புக்குப் போட்டிட்டாங்கள்."

வேரோனிக்கா ஈரக் கையோடு கதிரையில் இருந்தாள். அழுகை வந்தது. இனி ஒளிக்க அவளுக்குத் தெம்பில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

மாக்கஸ் முதலில் சிரிக்கப் பார்த்தான். பிறகு முகம் கறுத்துப் போய்விட்டது. ஊர் வழக்கப்படி தகப்பன் பெயர்தான் அவனுக்குக் கடைசிப் பெயர், மாக்கஸ் அமிர்தநாதர். அவனுடைய குழந்தைக்கும் அதையே வைத்திருந்தான்.

"அப்ப என்ரை பெயர் ஆரோ ஒராளின்ரை பெயர். என்னட்டைச் சொல்லோணும் எண்டு ரெண்டு பேருக்கும் தோன்றேல்லையே?"

"பயமடா தம்பி."

"என்னிலையே பயம்?"

கட்டி வைத்த சாப்பாட்டையும் எடுக்காமல் போய்விட்டான். அந்தக் கிழமை முழுக்கப் போன் இல்லை. புருசனைப் புதைத்த அன்றுகூட அவள் இப்படி உடைந்து போகவில்லை.

அடுத்த ஞாயிறு அவனே எடுத்தான். வணக்கமும் இல்லை, சுகமும் இல்லை.

"அம்மா, மற்ற ஆளுக்கு என்ன நடந்தது?"

"ஆருக்கு?"

"பெயர் குடுத்த ஆளுக்கு."

"அப்பா இஞ்சை வந்த வருசமே கடலுக்குப் போனவர், திரும்பேல்லை. நேவி சுட்டது எண்டும் சொல்லுவினம், ஆர் கண்டது. தாய் மனுசியும் பிறகு செத்துப்போச்சு. வேறை ஒருத்தரும் இல்லை."

"அவருக்கு ஆரும் பூசை வைச்சவையே?"

"ஆர் இருக்கினம் வைக்க..." என்று தொடங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். பத்து மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் காசு கொடுத்து, பெயர் சொல்லி அவள் வைத்தது யாருக்கு? அமிர்தநாதருக்குத்தானே! உலகத்தில் ஒருவருமில்லாத அந்த மனுசனுக்கு இவ்வளவு பூசையும் போயிருக்கிறது. அதில் அவளுக்குக் கோபம் வரவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. அவர் தன் பெயரைக் கொடுத்திராவிட்டால் அவளுக்கு இந்த வாழ்வும் இல்லை, இந்தப் பிள்ளையும் இல்லை.

அதை அப்படியே மகனிடம் சொன்னாள்.

"வெளிக்கிடுங்கோ," என்றான் அவன். "கல்லுக் கடைக்குப் போவம். வாறன்."

கல் வெட்டுகிற குலசிங்கம், வாய் ஓயாத மனுசன். மாக்கஸ் இரண்டு பெயரையும் ஒன்றின் கீழ் ஒன்றாகச் சொல்லச் சொல்ல எழுதினார். பஸ்ரியன். அமிர்தநாதர். பிறகு கண்ணாடியை உயர்த்தி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தங்கச்சி, ஒரு குழிதானே எண்டு சொன்னனீங்கள். ரெண்டு பேருமே உள்ளுக்கை?"

வேரோனிக்கா பதில் சொல்ல வாயெடுத்தாள். மாக்கஸ் முந்திக்கொண்டான்.

"இல்லை அங்கிள், அப்பா மட்டும்தான். மற்றவருக்கு வேறை எங்கையும் கல் இல்லை."