நிலை வைக்கிற நாள்

“எலுமிச்சைய எங்க வைக்கிறதுங்க?”

“மனையில வெயில் எந்தப் பக்கம் ஜாஸ்தி?”

“எல்லாப் பக்கமும்தான். இன்னும் வூடே கட்டலியே.”

“வூடு கட்டாத எடத்துல எலுமிச்சைக்கு இன்னா அவசரம்?”

“வூட்டுக்கு நாளாவும். மரமாச்சும் மொதல்ல வரட்டும்னுதான்.”

நைனார்பாளையம் போகும் பேருந்தில், மடியில் பலா நாற்றோடு உட்கார்ந்திருந்த எழில்மதிக்கு இரண்டு வருடத்துக்கு முந்தைய அந்தப் பேச்சு ஒரு சொல் குறையாமல் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு வீரமணி எலுமிச்சைக் கன்றை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு, பணத்தைக் கொடுத்துவிட்டு, கன்றை மேசை மேலேயே மறந்து வைத்துவிட்டுப் போனான். பாதி வழியில் திரும்பி வந்து எடுத்துக்கொண்டான். வந்ததற்கு இன்னொரு கேள்வியும் கேட்டான். எலுமிச்சைக்குச் சாம்பல் போடலாமா என்று.

கள்ளக்குறிச்சிக்கு வெளியே ரஜியா நடத்தும் நாற்றுப்பண்ணையில் எழில்மதி வேலைக்குச் சேர்ந்து ஐந்து வருடம் ஆகிறது. அதற்கு முந்தைய வருடம் அவள் கணவன் உளுந்தூர்பேட்டை அருகே லாரி விபத்தில் இறந்துபோனான். பண்ணைக்கு வந்த சில மாதங்களிலேயே அவளுக்குக் கைராசிக்காரி என்று பெயர் விழுந்துவிட்டது. அவள் எடுத்துக் கொடுத்த செடி பட்டுப்போகாதாம். ராசியெல்லாம் ஒன்றுமில்லை, பையைப் பிரித்து வேர் சுருண்டிருக்கிறதா என்று பார்த்துத்தான் கொடுக்கிறேன் என்று அவள் சொன்னால் யாரும் கேட்பதில்லை. மரவள்ளி போடுகிறவர்கள் முதல் குச்சியை ஊன அவளை வண்டி வைத்து அழைத்துப் போவார்கள். அதே வீட்டில் வளைகாப்பு என்றால் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவார்கள். சந்தனக் கிண்ணம் அவள் பக்கம் வராது. விதைக்கிற காட்டுக்கு ஆகிற கை வாசலுக்கு ஆகாது. இதை ஆறு வருடமாக அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதற்காக அழுது முடித்தும் நாளாகிவிட்டது.

வீரமணி சின்ன லாரி ஓட்டுகிறவன். மலை மேலிருக்கும் கரியாலூரிலிருந்து பலாவும் அன்னாசியும் ஏற்றிக்கொண்டு கீழே வருவான். முப்பத்தெட்டு வயது. அப்பா இல்லாத வீட்டில் இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம் செய்து முடித்தபோது, அவனுக்குப் பெண் பார்க்கிற பேச்சே ஓய்ந்துபோயிருந்தது. நைனார்பாளையத்தில் அக்கா காசியம்மாள் வீட்டை ஒட்டி ஒரு மனை இருந்தது. அந்த மனையைப் பற்றிக் கேட்பதற்கு அவனிடம் கேள்விகள் தீரவே இல்லை.

கறிவேப்பிலை கேட்டான், முருங்கை கேட்டான், வேலிக்கு எது நல்லது என்று கேட்டான். ஒருமுறை கரியாலூரில் யாரோ தோட்டத்தில் மிளகுக்கொடி பார்த்துவிட்டு வந்து நின்றான்.

“நைனார்பாளையம் வெயிலுக்கு அது தாங்காதுங்க” என்றாள்.

“மேல நல்லாத்தான் வருது.”

“மேல மல. கீழ நம்ம ஊரு. நட்டீங்கன்னா ஒரு மாசம் வரும்.”

அப்படியும் கொண்டுவந்து நட்டான். இருபத்திரண்டாவது நாள் காய்ந்த கொடியைக் கையில் பிடித்துக்கொண்டு பண்ணைக்கு வந்தான். “நீங்க சொன்னதுக்கு எட்டு நாள் முன்னாடியே போயிடுச்சு” என்றான், ஏதோ பரிசு வாங்கியவன் மாதிரி. ரஜியா சிரிப்பை அடக்க முடியாமல் உரமூட்டைகளுக்குப் பின்னால் போய்விட்டாள்.

அவன் போன பிறகு ரஜியா பிடித்துக்கொண்டாள்.

“ஏண்டி, இங்க வர்ற ஆம்பள எல்லாரும் ஒனக்கு அண்ணன். தண்ணி லாரிக்காரரு அண்ணன், மண்ணு கொண்டாறவரு அண்ணன், எங்க வூட்டுக்காரரு கூட அண்ணன். இவர மட்டும் ஏன் மொட்டையா ‘இன்னாங்க’ன்னு கூப்புடற?”

“வாயில வரலக்கா.”

“ரெண்டு வருசமாவா வரல?”

எழில்மதி நாற்றுகளுக்குத் தண்ணீர் தெளிக்கத் தொடங்கினாள். ஏற்கெனவே தெளித்த நாற்றுகள் அவை. ரஜியா அதையும் சொல்லிக் காட்டினாள்.

போன தை மாதம் வீடு கட்டுகிற பேச்சு உறுதியானது. மண் தோண்டுவதற்கு முன்பே வீரமணி அளவு நாடாவோடு வந்தான்.

“சமையல் மேட எவ்ளோ ஒசரம் இருக்கணும்? மேஸ்திரி கேக்கறாரு.”

“அஸ்திவாரமே போடல, அதுக்குள்ள மேஸ்திரிக்கு மேட அளவா?” என்றாள் ரஜியா.

“முன்னாடியே தெரிஞ்சா நல்லதுன்னு...”

எழில்மதி சொன்னாள்: “யாரு சமைக்கப்போறாங்களோ அவங்க ஒசரத்துக்கு வைக்கணும். குட்டையா இருக்கறவங்களுக்கு ஒசந்த மேட வச்சா தோள் வலிக்கும். நெட்டையா இருக்கறவங்களுக்குத் தாழ வச்சா முதுகு போயிடும்.”

வீரமணி நாடாவை விரித்தான், சுருட்டினான். “ஒங்களுக்கு எவ்ளோ வச்சா சரியா இருக்கும்?”

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு நாடாவை வாங்கி, தான் செடி மாற்றி வைக்கும் மேசையின் பக்கத்தில் நின்று அளந்தாள். “ரெண்டே முக்கா அடி” என்றாள். அவன் அதைச் சட்டைப் பையிலிருந்த சீட்டில் குறித்துக்கொண்டு போனான். வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே பதில் சொல்லியிருப்பாள்.

தானே கேட்டுவிடலாம் என்று அவளுக்கும் தோன்றாமல் இல்லை. கூச்சம் அவளைத் தடுக்கவில்லை. கைராசிக்காரி மனையைப் பார்த்து மடக்கிவிட்டாள் என்று நாளைக்கு யாராவது சொன்னால், அதற்குப் பதில் சொல்ல அவன் வாய்ச்சொல் ஒன்று கையில் இருக்க வேண்டும் என்று நினைத்தாள். இதற்கிடையில் திருப்பூரிலிருந்து அண்ணன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். பனியன் கம்பெனியில் வேலை, தங்க இடம் எல்லாம் தயார். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

முந்தின நாள் காசியம்மாள் போன் செய்திருந்தாள். “காலையில நெல வைக்கிறோம்மா. ஒங் கையால பின்னால ஒரு பலாவ ஊனிட்டுப் போ. வூடும் மரமும் சேர்ந்து வளரட்டும்.” அதே போனை வாங்கி வீரமணியும் பேசினான். “கட்டாயம் வாங்க. ஒண்ணு கேக்கணும்.”

“இப்பவே கேளுங்களேன்.”

“நேர்ல.”

எரு எவ்வளவு போடுவது என்று கேட்டால் மண்வெட்டியாலேயே ஒன்று போடுவது என்று அவள் முடிவு செய்துகொண்டாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது அடித்தளம் எழும்பியிருந்தது. வேப்பமர வாசல் நிலையைக் கழுவி, சாய்த்து வைத்திருந்தார்கள். மேஸ்திரி தங்கதுரை தூக்குக்குண்டோடு நின்றார். நிலைக்காலுக்கு அடியில் போட நவதானியம் ஒரு தட்டில் இருந்தது. அக்கம்பக்கத்துச் சுமங்கலிகள் நான்கு பேர் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். காசியம்மாள் கையில் மஞ்சள் கிண்ணம்.

“வாம்மா. கரெக்ட்டா வந்துட்ட” என்ற காசியம்மாள், அவளைத் தோளைத் தொட்டு ஓரமாக அழைத்துப்போனாள். “தப்பா எடுத்துக்காத. ராகு காலம் வர்றதுக்குள்ள நெல நிக்கணும். நீ பின்னால போயி பலாவப் பாரு. மஞ்ச குங்குமம் வச்சி, நெல நின்னதும் நானே வந்து கூட்டியாறேன். எனக்கொண்ணும் இல்ல. நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க.”

அவள் குரலில் கெட்ட எண்ணம் இல்லை. அதனால்தான் எழில்மதிக்கு அது கொஞ்சம் ஆழமாகவே இறங்கியது. “சரிங்கக்கா” என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்தாள்.

நிலையின் ஒரு காலைத் தங்கதுரையும் மறு காலை வீரமணியும் பிடித்துத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். அக்கா என்ன சொன்னாள் என்று வீரமணிக்குக் கேட்டிருந்தது. அவன் முகத்திலேயே அது தெரிந்தது.

எழில்மதி அவன் முன்னால் போய் நின்றாள்.

“பலாவ எங்க வைக்கட்டுங்க?”

“நீங்கதான் சொல்லணும்.”

“ரெண்டு வருசமா நாந்தான் சொல்லிக்கினு இருக்கேன். இன்னைக்கு நீங்க சொல்லுங்க.”

பூ வைத்த பெண்களில் ஒருத்தி இன்னொருத்தியின் இடுப்பில் இடித்தாள்.

“நேத்து ஒண்ணு கேக்கணும்னீங்களே” என்றாள் எழில்மதி. குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை. “அத இங்க முன்னாடி வச்சிக் கேக்கறீங்களா, நான் பின்னால போனப்புறம் கேக்கறீங்களா? பின்னாலன்னா நான் பலாவ ஊனிட்டு அப்படியே பஸ் ஏறிடுவேன். ஞாயித்துக்கெழம திருப்பூருக்குப் போறேன்.”

“திருப்பூருக்கா?”

“எங்கண்ணன் கூப்புடறாரு.”

தங்கதுரை பெருமூச்சு விட்டார். “மணி பத்தாவுது. கேக்கறத சட்டுனு கேளுப்பா, நெல கனக்குது.”

வீரமணி நிலைக்காலை விடவில்லை. பிடித்தபடியே அக்காவைத் திரும்பிப் பார்த்தான்.

“அக்கா, மஞ்சக் கிண்ணத்த அவங்ககிட்ட குடு.”

காசியம்மாள் கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். “செங்கல் வாங்கறதுக்கே ஊர்ல ஒம்போது பேரக் கேட்டவன் நீ. இத யாரக் கேட்டு முடிவு பண்ண?”

“இத யாரையும் கேக்கல.”

“நாளைக்கு வூட்டுல எதுனா ஒண்ணுன்னா?”

“இந்த மனையில இவங்க வச்சது எது பட்டுப்போச்சு, சொல்லு. நானா வச்ச மொளகுதான் செத்துச்சு.”

பூ வைத்த பெண்களிடையே சிரிப்பு கிளம்பியது. காசியம்மாள் சிரிக்கவில்லை. கிண்ணத்தையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தாள். தங்கைகள் கல்யாணத்துக்காக ஓடியோடி அவன் முன்தலை வழுக்கை விழுந்ததை அப்போதுதான் கவனித்தவள் போல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு நடந்து வந்து, கிண்ணத்தை எழில்மதியின் முன்னால் நீட்டினாள். கையில் கொடுக்கவில்லை. நீட்டியபடி நின்றாள்.

“நானாக் குடுத்தா அது என் முடிவாயிடும். வாயத் தொறந்து அவகிட்ட நீ கேளுடா” என்றாள் தம்பியிடம்.

எழில்மதி பலா நாற்றைத் தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். கையிலிருந்த மண்ணைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு அவசரம் இல்லை.

இரண்டு வருடத்தில் முதல்முறையாக வீரமணி அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.

“எழிலு, இந்த நெலைக்கு நீதான் மஞ்ச வைக்கணும். வச்சிட்டு ஊருக்குப் போவக்கூடாது. என்னக் கட்டிக்கிறியா?”